ஆன்லைனில் பாகம் வாங்கி வீட்டிலேயே துப்பாக்கி பூட்டலாமா? பரண் மேல் கிடக்கும் தாத்தா துப்பாக்கியை என்ன செய்வது? பெரம்பலூர், அரியலூர் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்!

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் யூடியூபைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். திடீரென ஒரு வீடியோ. அமெரிக்காவில் ஒருவர் ஒரு பெட்டியைப் பிரிக்கிறார். உள்ளே பழைய ராணுவ ரைஃபிள் ஒன்றின் குழல், ட்ரிக்கர், ஸ்பிரிங், மரப்பிடி எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன. "எனக்கு இதுதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டுப் பூட்ட ஆரம்பிக்கிறார். வீடியோ முடியும்போது கையில் முழு ரைஃபிள்!

பார்க்கும்போது என்ன தோணும்? "அட, கழற்றி வைத்த மோட்டாரைப் பூட்டுற மாதிரிதானே இருக்கு. நாமும் வாங்கிப் பார்க்கலாமா?"

வேண்டவே வேண்டாம். அந்த வீடியோவில் இருப்பவர் செய்வது அவர் நாட்டில் பொழுதுபோக்கு. அதையே நம்ம ஊரில் செய்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம்ம சட்டம் என்ன சொல்லுது? தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஓமலூரில் நடந்தது என்ன?

"இதெல்லாம் நம்ம பக்கம் யார் செய்யப் போறாங்க" என்று நினைத்தால், சேலம் மாவட்டம் ஓமலூரைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம். ஓமலூர் பகுதியில் போலீஸார் வழக்கமான வாகனச் சோதனையில் இருந்தனர். பைக்கில் வந்த இரண்டு இளைஞர்களை நிறுத்திப் பையைத் திறந்து பார்த்தால், உள்ளே கைத்துப்பாக்கிகளும் வெடிமருந்தும். இருவருமே இருபதுகளில் இருப்பவர்கள். விசாரணையில், வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, யூடியூப் வீடியோக்களைப் பார்த்து அவர்களாகவே துப்பாக்கி செய்ய முயன்றதாக போலீஸ் தரப்பு சொன்னது.

உள்ளூர் ஸ்டேஷனில் தொடங்கிய அந்த வழக்கை, அதே ஆண்டு ஜூலையில் என்.ஐ.ஏ. எனப்படும் தேசியப் புலனாய்வு முகமை கையில் எடுத்தது. அதன்பிறகும் பல இடங்களில் சோதனைகள் நடந்தன. அவர்களுடைய நோக்கம் என்ன, யார் குற்றவாளி என்பதெல்லாம் நீதிமன்றம் சொல்ல வேண்டியது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு வாகனச் சோதனையில் தொடங்கிய விஷயம், இரண்டே மாதத்தில் தேசிய அளவிலான வழக்கானது.

பாகம் மட்டும் இருந்தால் அது துப்பாக்கியா?

இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். "நான் இன்னும் மாட்டவே இல்லையே. வெறும் ட்ரிக்கர், வெறும் குழல்தானே இருக்கு. இது எப்படித் துப்பாக்கி ஆகும்?"

ஆகும். இந்தியாவில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 2ஆவது பிரிவில் ஆயுதம் என்றால் என்ன, சுடும் ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. அந்த இரண்டு விளக்கங்களுக்குள்ளேயும் அவற்றின் பாகங்களும், அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சத்தத்தையும் நெருப்புப் பொறியையும் குறைக்கும் சைலன்சர் மாதிரியான துணைக்கருவிகளும் அதற்குள் அடக்கம்.

அதாவது முழு ரைஃபிள் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. குழல் மட்டும் இருந்தாலும் துப்பாக்கிக் கணக்குதான். இரும்பில் செய்தது, பிளாஸ்டிக்கில் செய்தது என்ற வித்தியாசமும் கிடையாது. எந்த வகையாக இருந்தாலும் என்றே சட்டம் சொல்கிறது.

அப்போ, பழைய துப்பாக்கியின் ஒரு ஸ்க்ரூ கிடைத்தாலே ஜெயிலா? அப்படியும் இல்லை. அதே சட்டத்தின் 45ஆவது பிரிவு ஒரு சின்ன விலக்கு தருகிறது. ஆயுதத்தின் சிறு பாகம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் மற்ற பாகங்கள் உங்களிடமோ வேறு யாரிடமோ இருந்து, இரண்டையும் சேர்க்கும் எண்ணமும் இல்லை. அப்படிப்பட்ட நிலையில் சட்டம் பாயாது. பூட்டுவதற்காகவே பெட்டியாக வாங்கும் பாகங்களுக்கு இந்த விலக்கு எப்படிப் பொருந்தும்? வாங்கும் நோக்கமே ஒன்று சேர்ப்பதுதானே!

தண்டனை எவ்வளவு?

ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, துப்பாக்கியைத் தயாரிக்க, விற்க, கைமாற்ற, மாற்றியமைக்க, பழுது பார்க்க, சோதித்துப் பார்க்க, எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதையும், குழலை வெட்டிக் குட்டையாக்குவதையும் 6ஆவது பிரிவு தனியாகத் தடுக்கிறது.

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அதன்பிறகு நிலவரம் இதுதான்:

• லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால், விற்றால், வாங்கிக் கொடுத்தால், மாற்றியமைத்தால், பழுது பார்த்தால்: குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அபராதமும் உண்டு.

• லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால்: 2 முதல் 5 ஆண்டு சிறை, அபராதம்.

• தடை செய்யப்பட்ட வகை ஆயுதம் வைத்திருந்தால்: 7 முதல் 14 ஆண்டு சிறை. தானாகத் தொடர்ந்து சுடும் ராணுவ ரகத் துப்பாக்கிகள் இந்த வகையில் வரும்.

• லைசென்ஸ் இருந்தாலும் கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டத்துக்காக, மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி சுட்டால்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதல் வரியை இன்னொரு தடவை படியுங்கள். "தயாரித்தால், பழுது பார்த்தால்." இது பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். அரியலூரில் சிமென்ட் லாரி, பெரம்பலூரில் டிராக்டர், போர்வெல் வண்டி என்று நம்ம இரண்டு மாவட்டத்திலும் லேத் பட்டறைக்கு வேலை குறையாது. ஒரு ஆள் படம் ஒன்றை மொபைலில் காட்டி, "அண்ணே, இந்த அளவுக்கு ஒரு குழாய் கடைந்து கொடுங்க, இந்தப் பிடியைச் சரி பண்ணிக் கொடுங்க" என்று வந்தால், எதுக்குன்னு கேட்காமல் வேலையைத் தொடாதீங்க. தெரிந்தே செய்து கொடுத்தால் 200, 300 ரூபாய் கூலிக்கு ஏழு வருஷம் போய்விடும்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி முடியுது?

அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு மாதிரி கணக்கு போடுகிறது. ரைஃபிளில் மற்ற பாகங்கள் எல்லாம் வந்து பொருந்தும் நடு உடல் பகுதி ஒன்று இருக்கும். அதற்கு ரிசீவர் என்று பெயர். பைக்குக்குச் சேஸிஸ் மாதிரி. அங்கே சட்டப்படி அந்த ரிசீவர்தான் துப்பாக்கி. சீரியல் நம்பர், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் அதற்குத்தான். குழல், பிடி, ஸ்பிரிங் போன்றவை பெரும்பாலும் வெறும் உதிரிப் பாகம். அதனால்தான் ரிசீவர் நீக்கப்பட்ட பழைய ராணுவ ரைஃபிள் பாகங்கள் அங்கே பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வருகின்றன.

இந்த ஓட்டை அங்கேயே பெரிய தலைவலி ஆகிவிட்டது. அரைகுறையாக முடித்த ரிசீவரை விற்று, மீதியை வாங்குபவரே வீட்டில் முடித்துக்கொள்ளும் கிட்கள் பெருகின. சீரியல் நம்பரே இல்லாத இந்தத் துப்பாக்கிகளுக்கு அங்கே பேய்த் துப்பாக்கி என்றே பெயர். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தாலும் யார் வாங்கியது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. 2022இல் அமெரிக்க அரசு இந்த கிட்களையும் துப்பாக்கியாகவே கருதும் விதியைக் கொண்டுவந்தது. எதிர்த்து வழக்கு போட்டார்கள். 2025 மார்ச் 26ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அரசின் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

கவனிச்சீங்களா? துப்பாக்கிக்குப் பேர்போன நாடே, "பாகமாக இருந்தாலும் துப்பாக்கிதான்" என்ற பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நம்ம நாடு 1959லேயே அதைச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டது.

வெளிநாட்டு வெப்சைட்டில் ஆர்டர் போட்டால் வந்துவிடுமே என்ற எண்ணமும் வேண்டாம். ஆயுதத்தையும் அதன் பாகத்தையும் இறக்குமதி செய்ய 10ஆவது பிரிவில் தனி லைசென்ஸ் கேட்கிறார்கள். பார்சல் சுங்கத்துறையைத் தாண்டித்தான் வரணும். அதன் மேல் உங்கள் பெயர், வீட்டு முகவரி, மொபைல் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்கும்.

சட்டம் கிடக்கட்டும், உயிர்?

கேஸைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. உங்கள் பைக் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 30 சொச்சம் பி.எஸ்.ஐ. ராணுவ ரக ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே உருவாகும் அழுத்தம் 50,000 பி.எஸ்.ஐ-யைத் தாண்டும். அதுவும் சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே. பாகங்கள் பொருந்தும் இடைவெளியில் மில்லிமீட்டரில் சின்னப் பிசகு இருந்தாலும் தோட்டாவின் கூடு கிழிந்து, அந்த அழுத்தம் பின்பக்கமாக முகத்தில் அடிக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியைக்கூட வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சோதித்துப் பார்த்த பிறகே வெளியே விடுகிறார்கள்.

நம்ம பக்கத்திலேயே திருச்சியில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1960களில் தொடங்கிய அங்கே திருச்சி அசால்ட் ரைஃபிள் மாதிரியான துப்பாக்கிகள் தயாராகின்றன. பயிற்சி பெற்ற ஆட்கள், அளவுக் கருவிகள், சோதனைக் கூடம் என்று அங்கே நடக்கும் வேலையை வீட்டு மொட்டை மாடியில் பத்து நிமிஷ வீடியோ பார்த்துச் செய்ய முடியாது.

அப்புறம், தோட்டா எங்கே போய் விழும் என்ற கேள்வி. 2021 டிசம்பர் 30, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பகுதி. துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தளத்திலிருந்து தள்ளியிருந்த தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாள் போராடிய அந்தச் சிறுவன் 2022 ஜனவரி 3ஆம் தேதி உயிரிழந்தான். பயிற்சிக்கென்றே இருந்த தளத்தில், பயிற்சி பெற்றவர்கள் கையில் இருக்கும்போதே இப்படி. முதல் முறை பூட்டிய ஒருவர் வீட்டுக் கொல்லையில் நின்று சுட்டுப் பார்த்தால்?

பரண் மேல் தாத்தா துப்பாக்கி இருக்கே!

யூடியூப் கிட்டைவிட, நம்ம ஊரில் அதிகம் நடக்க வாய்ப்புள்ளது இதுதான். பச்சைமலை அடிவாரத்திலும் காட்டையொட்டிய ஊர்களிலும் முன்பு பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டுக் கிட்டிக்கும் ரகம். தாத்தா போய்விட்டார், துப்பாக்கி பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பேரனுக்கு அதைத் துடைத்து, உடைந்த பாகத்தை மாற்றி, ஒரு தடவை வெடித்துப் பார்க்க ஆசை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது?

பழங்கால மதிப்புள்ள, வழக்கொழிந்த, அல்லது பழுதான துப்பாக்கிக்கு 45ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். ஒரு பாகத்தை மாற்றினால் வெடிக்கும் என்றால் விலக்கு கிடையாது. பேரன் ஸ்பேனரை எடுத்த நிமிஷமே விஷயம் மாறிவிடுகிறது. வைத்திருந்த குற்றத்துக்கு 2 முதல் 5 ஆண்டு என்றால், பழுது பார்த்த குற்றம் 7 ஆண்டில் தொடங்குகிறது.

வீட்டில் இருப்பதே தெரியாது என்றால்? துப்பாக்கி இருப்பது தெரிந்து, அது தன் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் வைத்திருந்ததாகக் கொள்ள முடியும் என்று 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தெரியாமல் இருந்தவருக்கு அது பாதுகாப்பு. தெரிந்த பிறகும் சாக்கில் சுற்றி மறுபடி பரணில் போட்டவர் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது.

என்ன செய்யணும்?

• தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்ததா என்று வீட்டில் பழைய காகிதங்களைத் தேடுங்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்கணும். 21ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போடவும் வழி உண்டு.

• லைசென்ஸே இல்லாத துப்பாக்கி என்றால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு அவர் மூலமாக ஒப்படைப்பது நல்லது. மலையோர மாவட்டங்களில் போலீஸும் வனத்துறையும் "தாமாக ஒப்படைத்துவிடுங்கள்" என்று அவ்வப்போது ஊர் ஊராக அறிவிப்பார்கள். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

• ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

• விற்கவோ, சொந்தக்காரருக்குக் கொடுக்கவோ, கிணற்றில் போடவோ வேண்டாம். அடுத்து அது யார் கையில் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பயிரை எப்படித்தான் காப்பாத்துறது?

நியாயமான கேள்வி. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி ஒரு ராத்திரி புகுந்தால் போதும், மூணு மாச உழைப்பு மண்ணோடு போகும். மான், மயில் தொல்லையும் நம்ம விவசாயிகளுக்குப் புதுசு இல்லை.

ஆயுதச் சட்டமும் இதை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழியாக மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க 13ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. மனு போட வேண்டியது மாவட்ட ஆட்சியரிடம். 21 வயது முடிந்திருக்கணும். போலீஸ் அறிக்கை வாங்கிய பிறகே முடிவெடுப்பார்கள்.

ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. மயிலும் மானும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. அவற்றைச் சுட்டால் தனி வழக்கு. காட்டுப்பன்றிக்கு மட்டும் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடணும். இங்கேயும் சுடுவது வனத்துறைதான், விவசாயி கிடையாது. அதனால் சேதம் நடந்தால் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ-விடமும் வனத்துறையிடமும் எழுத்தில் புகார் கொடுப்பதுதான் இப்போதைக்கு இருக்கும் வழி.

நாட்டுத் துப்பாக்கின்னாலே அவங்கதானா?

இன்னொன்றையும் சொல்லியாகணும். நம்ம மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் போன்ற இடங்களில் நரிக்குறவர் மக்கள் வசிக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கி என்ற பேச்சு வந்தாலே அவர்கள் பக்கம் கை நீட்டும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் மூலம் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகம் அது. வேட்டையை விட்டு மணி மாலை விற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்கள் நிறைய. ஆயுதச் சட்டம் பார்ப்பது கையில் லைசென்ஸ் இருக்கிறதா என்பதை. எந்தக் காலனியில் வீடு என்பதை அது கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டியதில்லை.

சுடணும்னு ஆசை இருந்தா?

ஆசைப்படுவது தப்பே இல்லை. அதற்கு நேர் வழி இருக்கு. ஏர் ரைஃபிளுக்கு வெடிமருந்து தேவையில்லை, காற்றழுத்தத்தில் இயங்கும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத விசையும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிரிவில் பயன்படுத்துவதும் 4.5 மில்லிமீட்டர்தான். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் பிரிவில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காகச் சுடுவதும் அதில்தான். அதையும் தெருவில், வயலில் வைத்துச் சுடக்கூடாது, பறவை மேல் குறி வைக்கவே கூடாது.

பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் திருச்சி கே.கே.நகர் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் நடிகர் அஜித் குமார் மாநில அளவிலான துப்பாக்கிச் சுடும் போட்டியில் கலந்துகொள்ள வந்தாரே, அதே இடம்தான். இந்த மாதிரி கிளப்களில் முதலில் கற்றுத் தருவது சுடுவதை இல்லை. குழலை எந்தப் பக்கம் வைக்கணும், விரலை எப்போது ட்ரிக்கரில் இருந்து எடுக்கணும் என்பதைத்தான். அந்த யூடியூப் பெட்டியில் எல்லாப் பாகமும் இருக்கும், இது மட்டும் இருக்காது.

அதனால், அடுத்த முறை அந்த வீடியோ வந்தால் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுங்கள். ஆர்டர் பட்டன் பக்கம் மட்டும் போகாதீங்க. இன்று ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "பரண் மேல அப்படி ஏதாவது கிடக்குதா?" கிடந்தால் அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞருக்கு போன் போடுங்கள்.